பொங்காத ரொட்டி

மக்கள் உண்ணும் உணவுகளுள் ரொட்டி மிகப் பழமையானது. யோர்தான் நாட்டின் வடகிழக்கில் கரும்பாலைவனம் என்றொரு நிலப்பகுதி உண்டு. அங்கே ஏறத்தாழ 14,400 ஆண்டுகளுக்கு முன் மனிதர் மூட்டிய அடுப்புகளில் ரொட்டியின் கருகிய துணுக்குகள் கண்டெடுக்கப்பட்டன. 2018ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் அச்செய்தியை வெளியிட்டனர். உழவுத் தொழில் தோன்றுவதற்கு ஏறக்குறைய 4,000 ஆண்டுகள் முன்னரே மனிதன் காட்டுத் தானியத்தை அரைத்து, நீரிட்டுப் பிசைந்து, நெருப்பில் சுட்டு உண்டான் என்பது அதனால் தெரிய வந்தது.

நன்கு வெந்து மணத்த ரொட்டியை அம்மக்கள் அன்றே உண்டு தீர்த்திருப்பர். கருகிய துண்டுகளோ, கரியாகிவிட்டமையால் மட்காமல் நிலைத்து, அவர்தம் வாழ்வை நமக்கு எடுத்துரைக்கின்றன. இது தொல்பொருள் ஆராய்ச்சிக்கு மட்டும் உரிய உண்மை அன்று. வீட்டில் புதிதாக ரொட்டி சுடக் கற்பார்க்கும் பொருந்தும் உண்மையாகும். நன்றாய் அமைந்த ரொட்டி வயிற்றுக்கு உணவாகிறது. குறைபட்ட ரொட்டி அறிவுக்கு உணவாகிறது. ஆனால் அக்குறையை உற்று நோக்குவார்க்கே அது உணவாகும்.

ரொட்டியும் கேக்கும் செய்வது முன்பெல்லாம் நம் ஊர்களில் பெரும்பாலும் கடைக்காரரின் தொழிலாகவே இருந்தது. இன்று மின்சாரத்தால் இயங்கும் ஓவன் பல வீடுகளில் இடம்பெற்றுவிட்டது. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவி, மக்கள் வீட்டினுள் அடங்கியிருக்க நேர்ந்தபோது, உலகெங்கும் பலர் முதன்முறையாக ரொட்டி மாவு பிசைந்தனர். இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் கடைகளில் மாவும் ஈஸ்டும் கிடைப்பதே அரிதாயிற்று. ஆயினும் தொடங்கிய அனைவரும் தொடர்ந்தாரல்லர். முதல் ரொட்டி கல்லைப்போல் ஆனதும், இரண்டாவது கருகியதும், "இது நமக்குக் கைவராது" என்று கைவிட்டவர் பலர். அவர்களிடம் ஆர்வம் இருந்தது, உழைப்பும் இருந்தது. பிழையை எவ்வாறு நோக்குவது என்னும் பழக்கம் ஒன்றே இல்லை.

நம் அன்றாடச் சமையலுக்கும் ரொட்டி சுடுதலுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. குழம்பில் உப்புக் குறைந்தால் ஒரு சிட்டிகை சேர்க்கிறோம். புளிப்பு மிகுந்தால் சிறிது வெல்லம் இடுகிறோம். சோறு வெந்ததா என்று அறிய ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொண்டால், எண்ணெய் தடவி அடுத்ததை வார்க்கிறோம். பிழையும் திருத்தமும் ஒரே வேளையில், ஒரே அடுப்பில் நிகழ்ந்துவிடுகின்றன. ரொட்டியோ அவ்வாறன்று. ஓவனின் கதவை மூடியபின் உப்பைச் சேர்க்க இயலாது. நீரைக் குறைக்க இயலாது. சரியாகப் பிசையாத மாவை மீண்டும் பிசையவும் இயலாது. இன்றைய ரொட்டியின் பிழையை அடுத்த ரொட்டியில்தான் திருத்த முடியும். ஆதலின், இன்று நேர்ந்தது யாது, அது ஏன் நேர்ந்தது என்பவற்றை அடுத்த முறைவரை மனத்தில் வைத்திருப்பவருக்கே இக்கலை கைகூடும். பிழைபட்ட ரொட்டியை மறைத்தலும், வெட்கி எறிதலும் கூடா. அதனை வெட்டிப் பார்த்துக் காரணம் அறிதலே கற்பவர் கடமை.

அதற்கு முதலில் ரொட்டி எவ்வாறு உருவாகிறது என்பதை அறிதல் வேண்டும். எளிய ரொட்டிக்கு வேண்டுவன நான்கே பொருள்கள். மைதா 500 கிராம், நீர் ஏறக்குறைய 320 கிராம், உப்பு 10 கிராம், உலர்ந்த ஈஸ்ட் 5 கிராம். மாவிலுள்ள புரதம் நீருடன் கூடிப் பிசையப்படும்போது, குளூட்டன் என்னும் வலை போன்ற பொருள் உண்டாகிறது. ஈஸ்ட் என்பது உயிருள்ள நுண்காளான். அது மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, கரியமில வாயுவை வெளியிடுகிறது. அவ்வாயு குளூட்டன் வலைக்குள் சிக்கிக்கொள்வதால் மாவு பொங்குகிறது. உப்பு சுவை தருவதோடு நில்லாமல், ஈஸ்டின் வேகத்தை அடக்கி, வலையையும் உறுதிப்படுத்துகிறது. பின்னர் ஓவனின் வெப்பத்தில் வாயு விரிகிறது; மாச்சத்து வெந்து இறுகுகிறது; மேற்புறம் பொன்னிறம் பெறுகிறது. இச்செயல்களுள் எது தவறினும் அதன் சுவடு ரொட்டியில் பதிந்துவிடும்.

ரொட்டி சிறிதும் பொங்கவில்லை எனக் கொள்வோம். ஈஸ்ட் பழையதாகி முன்னமே மடிந்திருக்கலாம். அன்றி, சுடுநீரை ஊற்றி நாமே அதனை மடியச் செய்திருக்கலாம். ஏறக்குறைய 55 முதல் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தை அது தாங்குவதில்லை. இதை முன்கூட்டியே அறிய எளிய வழி உண்டு. வெதுவெதுப்பான நீரில் சிறிது சர்க்கரையுடன் ஈஸ்டைக் கரைத்துப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். உயிருள்ளதாயின் நுரைத்து எழும். நுரைக்காவிடின் அதனை மாவில் சேர்த்துப் பயனில்லை.

சில ரொட்டிகள் ஓவனுக்குள் செல்லும்வரை அழகாகப் பொங்கி நின்று, பின் நடுவில் அமிழ்ந்துவிடும். மாவை அளவுக்கு மிஞ்சிய நேரம் பொங்கவிட்டமையே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். வாயுவின் அழுத்தத்தால் வலை இழுபட்டு வலுவிழந்துவிடுகிறது. விரலால் மாவை மெல்ல அழுத்திப் பார்த்து இதனை அறியலாம். குழி உடனே மறைந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். மெல்ல மெல்ல, சிறிதளவே மறைந்தால் மாவு பக்குவமாயிற்று. குழி அப்படியே நின்றுவிட்டால் காலம் கடந்துவிட்டது.

மேலே கருகி உள்ளே ஈரமாய் இருக்கும் ரொட்டி, வெப்பம் மிகுதி என்றோ, தட்டு மேல்வரிசையில் வைக்கப்பட்டது என்றோ கூறுகிறது. ரொட்டியின் நடுப்பகுதி ஏறக்குறைய 95 பாகை வெப்பம் அடைந்தாலன்றி முழுதும் வெந்ததாகாது. சிலவேளை, நன்றாக வெந்த ரொட்டியும் ஈரமாய்த் தோன்றும். ஓவனிலிருந்து எடுத்தவுடன் அறுத்தால், உள்ளே உள்ள நீராவி அடங்காமையால் கத்தியில் மாவு ஒட்டும். ஒரு மணி நேரம் ஆறவிட்டு அறுத்தால் அக்குறை இராது. இங்கே பிழை ரொட்டி சுட்டதில் இல்லை. அறுத்தவரின் அவசரத்தில் உள்ளது.

ரொட்டியில் நற்பண்பாக விளங்கும் ஒன்று கேக்கில் குறையாகிவிடும். ரொட்டி மாவை நன்கு பிசைந்து குளூட்டனை வலுப்படுத்துகிறோம். கேக் மாவையோ அளவோடு கலக்க வேண்டும். மிகுதியாகக் கலக்கினால் அதே குளூட்டன் வலுப்பெற்று, கேக்கை மென்மையற்றதாக்கிவிடும். கேக் வேகுமுன் ஆவல் தாங்காது ஓவனின் கதவைத் திறந்தால், உள்வெப்பம் குறைந்து நடுப்பகுதி குழிந்துவிடும். இவ்விரண்டும் முதன்முதலில் கேக் செய்வோர் பலருக்கும் நேர்வன. காரணம் அறிந்தவருக்கு மீண்டும் நேர்தல் அரிது.

ஒரு குறைக்கு ஒரே காரணம்தான் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. ரொட்டி இறுகிப்போனதற்கு ஈஸ்ட் மடிந்தது காரணமாகலாம். போதிய நேரம் பொங்கவிடாமை காரணமாகலாம். நீர் குறைந்ததோ, உப்பு மிகுந்ததோகூடக் காரணமாகலாம். அஞ்சியவர் அடுத்த முறை எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிவிடுகிறார். ரொட்டி நன்றாக வந்துவிட்டால் மகிழ்கிறார். ஆனால் எந்த மாற்றத்தால் நன்மை விளைந்தது என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமல் வந்த வெற்றி, வந்த வழியே போய்விடும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுதலே முறையான ஆராய்ச்சி. அறிவியற்கூடத்தில் அறிஞர் பின்பற்றும் இந்நெறியைச் சமையலறையிலும் பின்பற்றலாம்.

இதற்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. முதலாவது தராசு. அமெரிக்கர் கூறும் கோப்பை ஏறக்குறைய 240 மில்லி லிட்டர். ஜப்பானியர் கூறும் கோப்பை 200 மில்லி லிட்டர். ஒரே கோப்பையிலும் மாவை அழுத்தி நிரப்பினால் ஒரு நிறை. தூவி நிரப்பினால் மற்றொரு நிறை. நிறுத்து எடுத்த மாவில் இத்தகைய மயக்கம் இல்லை. இரண்டாவது, ஓவனுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி. குமிழ் 200 என்று காட்டுவதாலேயே உள்ளே அவ்வெப்பம் இருக்கும் என்பதில்லை. மூன்றாவது, ஒரு குறிப்பேடு. நாள், மாவின் அளவு, நீரின் அளவு, அறையின் வெப்பம், பொங்கவிட்ட நேரம், விளைந்த பயன் ஆகியவற்றை நான்கு வரிகளில் எழுதிவைத்தால் போதும். பத்து ரொட்டிகளுக்குப் பின் அக்குறிப்பேடு, அந்த வீட்டிற்கும் அந்த ஓவனுக்கும் என்றே எழுதப்பட்ட நூலாகிவிடும்.

அத்தகைய நூல் வேறெங்கும் கிடைக்காது. லண்டனில் இருந்து ஒருவர் எழுதிய செய்முறையில், மாவை இரண்டு மணி நேரம் பொங்கவிடுக என்று இருக்கலாம். அவர் அறையில் வெப்பம் 20 பாகை. சித்திரை மாதத்துச் சென்னையில் அறையின் வெப்பம் 35 பாகையை எட்டும்போது, அதே மாவு அதற்குப் பாதி நேரத்திலேயே பொங்கிவிடும். சொன்னபடி இரண்டு மணி நேரம் காத்திருந்தவரின் ரொட்டி அமிழ்ந்துபோகும். செய்முறையும் தவறன்று, செய்தவரும் சோம்பியவர் அல்லர். நிலமும் காலமும் மாறுபட்டன, அவ்வளவே. அவ்வாறே, மேலைநாட்டு ரொட்டி மாவில் புரதம் 12 விழுக்காட்டுக்கும் மேல் இருப்பதுண்டு. நம் கடைகளில் விற்கும் மைதாவில் அது குறைவாக இருக்கலாம். அவர்கள் சொன்ன அளவு நீரை நம் மாவில் ஊற்றினால், கையில் ஒட்டும் குழைவாகிவிடும்.

இவ்வறிவு நம் இல்லங்களுக்குப் புதியதன்று. இட்டலிக்கு மாவு அரைக்கும் தாய்மார், மார்கழிக் குளிரில் மாவை அடுப்பின் அருகே வைத்து நெடுநேரம் புளிக்கவிடுவர். கோடையில் பொங்கி வழியுமுன்னே எடுத்துவிடுவர். உதகையில் ஓரிரவு போதாத மாவு, மதுரையில் விடியுமுன்னே புளித்துவிடும் என்பதை அவர்கள் அறிவர். அதை எவரும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. தட்டையாகிப்போன இட்டலியும், அளவு மீறிப் புளித்த மாவுமே அவர்களுக்குக் கற்பித்தன.

ரொட்டியின் வரலாறும் இதனையே காட்டுகிறது. நொதித்தல் என்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் செயல் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1857ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகளால் நிலைநாட்டினார். பண்டை எகிப்தியரோ அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே பொங்கிய ரொட்டியைச் சுட்டு உண்டனர். ஈஸ்ட் என்னும் உயிர் ஒன்று உண்டு என்பதே அவர்கள் அறியாதது. ஆயினும் எந்த மாவு பொங்கும், எது பொங்காது என்பதை அறிந்திருந்தனர். முன்னவர் கண்ட குறைகளைப் பின்னவர் நினைவில் வைத்துத் திருத்தியமையால் வந்த அறிவு அது.

அண்மைக் காலத்தில் இதற்கு நல்லதொரு சான்றாக விளங்கியவர் ஜூலியா சைல்டு என்னும் அமெரிக்க அம்மையார். 1912ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரின்போது இலங்கையின் கண்டி நகரில் அரசாங்கப் பணியில் இருந்தார். இளமையில் அவருக்குச் சமையல் தெரியாது. 1949ஆம் ஆண்டில், தமது முப்பத்தேழாம் வயதில், பாரிசு நகரின் புகழ்பெற்ற சமையற்கலைப் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். பிரெஞ்சு நாட்டுச் சமையலைப் பற்றித் தோழியர் இருவருடன் அவர் எழுதிய நூல் 1961ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. அதன் இரண்டாம் பகுதியில் பிரெஞ்சு ரொட்டியைச் சேர்க்க விரும்பினார். பிரெஞ்சு நாட்டில் தெருவுக்குத் தெரு ரொட்டிக்கடை இருந்தமையால், மக்கள் அதனை வீட்டில் சுடுவதில்லை. அமெரிக்க வீட்டு ஓவனில், அமெரிக்க மாவைக்கொண்டு அதனைச் செய்யும் வழியை அவரே காண வேண்டியதாயிற்று.

அவரும் அவருடைய கணவர் பால் சைல்டும் அம்முயற்சியில் ஈடுபட்டனர். கடைக்காரரின் அடுப்பில் நீராவி உண்டு; வீட்டு ஓவனில் இல்லை. அங்கே உள்ள மாவு வேறு. இங்கே உள்ள மாவு வேறு. ரொட்டிமேல் ரொட்டியாகச் சுட்டும் எண்ணியது அமையவில்லை. பின்னர் ரொட்டிக்கலையில் வல்லவரான ரேமோன் கால்வேல் என்னும் பேராசிரியரைப் பாரிசில் சென்று கண்டனர். மாவு தாங்கள் எண்ணியதைவிடத் தளர்ந்து, ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும் என்பதையும், அது மெல்ல மெல்லப் பொங்க வேண்டும் என்பதையும் அங்கே உணர்ந்தனர். இம்முயற்சிக்கு இரண்டு ஆண்டுகளும், ஏறத்தாழ 284 பவுண்டு மாவும் செலவாயின. அது 128 கிலோகிராமுக்கும் மேல். 1970ஆம் ஆண்டில் நூலின் இரண்டாம் பகுதி வெளிவந்தபோது, அந்த ரொட்டியின் செய்முறை பக்கம் பக்கமாக அதில் இடம்பெற்றது.

1963ஆம் ஆண்டில் தொடங்கிய அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் இப்பண்பு வெளிப்பட்டது. ஒருமுறை உருளைக்கிழங்கு அடையைத் திருப்பும்போது, அதில் ஒரு பகுதி சட்டிக்கு வெளியே சிதறியது. அவர் அதனை மறைக்கவில்லை. துணிவோடு திருப்பாமையே காரணம் என்று கூறி, சிதறியதை எடுத்துச் சட்டியில் சேர்த்துவிட்டு மேலே நடந்தார். பிழையைக் கண்டு நாணாமலும் அதனைப் புறக்கணியாமலும், காரணத்தைச் சொல்லி நகர்ந்த அந்தப் பண்பே கற்பவருக்கு வேண்டியது.

இவ்வளவும் கூறுவதால், பிழை செய்தல் நன்று என்று எவரும் எண்ணிவிடலாகாது. பிழையே வெற்றிக்கு வழி என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். அது பாதி உண்மையே. பழைய ஈஸ்டைக்கொண்டு பத்து முறை ரொட்டி சுட்டால், பத்துக் கற்கள் கிடைக்குமேயன்றி ஒரு பாடமும் கிடைக்காது. பிழை தானே எதனையும் கற்பிப்பதில்லை; ஆராய்ந்தவருக்கே அது ஆசானாகிறது. மேலும், பட்டறிந்து கற்கக் கூடாத பிழைகளும் உண்டு. ஈரக் கையால் மின்விசையைத் தொடுதலும், தடித்த துணியின்றிச் சூடான தட்டைப் பற்றுதலும் ஒருமுறையும் நேரக் கூடாதவை. அவற்றைப் பெரியோர் சொற்கேட்டே கற்க வேண்டும்.

விலை கொடுத்து வாங்கிய மாவு வீணாகாதா என்று கேட்பார் உண்டு. அது நியாயமான கேள்வி. அதற்குரிய விடை, சிறிய அளவில் கற்பதே. 250 கிராம் மாவில் செய்த ரொட்டியும் பெரிய ரொட்டி சொல்லும் செய்திகளையே சொல்லும். இறுகிய ரொட்டியை மெல்லிய துண்டுகளாக்கி வாட்டி உண்ணலாம்; உதிர்த்துத் தாளித்து உப்புமா ஆக்கலாம்; காயவைத்துத் தூளாக்கி வைத்துக்கொள்ளலாம். குப்பையில் சேரவேண்டிய ரொட்டி மிகச் சிலவே.

கற்பவரினும் அவரைச் சூழ்ந்திருப்போர் பொறுப்பு குறைந்ததன்று. முதல் ரொட்டியைக் கண்டு, "சுவரில் அடிக்கும் ஆணிக்குச் சுத்தியலாகும்" என்று நகையாடுவோர், ஒரு முயற்சியை முளையிலேயே கிள்ளுகின்றனர். வேகாத ரொட்டியை, "மிக நன்று" என்று பொய்யாகப் புகழ்வோரும் நன்மை செய்தாரல்லர். குறை சொல்ல வந்த செய்தியை அவர்கள் கேட்கவிடாமல் தடுத்துவிடுகின்றனர். "மேற்புறம் நன்றாக இருக்கிறது, நடுவில் சிறிது ஈரம் நிற்கிறது" என்று உள்ளதை உள்ளவாறு அன்போடு சொல்பவரே உண்மையான துணைவர். இன்று கைபேசித் திரையில் காணும் ரொட்டிகளெல்லாம் குற்றமற்றவையாய்ப் பொலிகின்றன. அவற்றுக்கு முன் சுட்டு உடைந்தவற்றை எவரும் படம் எடுத்துக் காட்டுவதில்லை. ஒருவரின் நூறாவது ரொட்டியோடு தம் முதல் ரொட்டியை ஒப்பிட்டு வருந்துதல் பேதைமை.

மாணவர்களே! திருத்திய விடைத்தாள் கைக்கு வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் நோக்கிவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் மறைத்துவிடும் பழக்கம் உங்களுள் சிலருக்கு இருக்கலாம். சிவப்பு மையில் ஆசிரியர் இட்ட குறிகள் அங்கே படிப்பாரற்றுக் கிடக்கும். தேர்வு முடிந்துவிட்டமையால் அந்த விடையை இனித் திருத்த இயலாது; ஓவனில் வெந்துவிட்ட ரொட்டியைப் போன்றது அது. ஆனால் அடுத்த விடையை எழுதப்போகும் கை உங்களுடையது. எது தவறியது, ஏன் தவறியது, அடுத்த முறை எதனை மாற்றுவது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் அந்த விடைத்தாளை மடித்து வைத்தால் போதும்.